சுருளைத் தொடாமல் போன எலக்ட்ரான்

பாப்பா, இந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்த உன் அப்பாவை முதலில் விடுதியின் பார்வையாளர் அறையில் உட்கார வைத்து ஒரு காப்பி வாங்கிக் கொடு. திண்டுக்கல்லில் முதல் பஸ் ஏறியவர் தூத்துக்குடி வரைக்கும் எங்கேயும் இறங்கி வாய் நனைத்திருக்க மாட்டார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் "படி" என்பார், அதற்கு மேல் ஒரு சொல் வராது. உறைக்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நான் எழுதும் இது. இன்னொன்று ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒற்றைத் தாள். அதை இப்போதே பிரித்துப் பார்த்துக்கொள். பார்த்துவிட்டு ஆத்திரத்தில் இதைக் கிழித்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

உனக்கு இடம் கிடைத்துவிட்டது. ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய அந்த ஆராய்ச்சி நிலையத்தில், நீ நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்த அதே இடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நீயே அங்கே இருக்கும் பேராசிரியரைப் போனில் கூப்பிட்டு, வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். எண்ணை அந்தத் தாளின் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன், முதலில் இது உன் காதில் விழட்டும் என்றுதான் இப்படி முந்திக்கொண்டேன்.

கடிதம் போன சனிக்கிழமையே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நீ கடைக்குப் போன் செய்து, "அம்மா, ஏதாச்சும் தபால் வந்துச்சா?" என்று கேட்டாய். "இல்ல பாப்பா, ஒண்ணும் வரல" என்றேன். பொய். மறுநாள் நீயே திரும்பக் கூப்பிட்டு, "சரிம்மா, அத்தை சொன்ன மாப்பிள்ள வீட்டுக்காரங்கள அடுத்த ஞாயித்துக்கிழம வரச் சொல்லு. இனிமே அங்கேருந்து ஒண்ணும் வராது" என்றாய். குரலில் ஒரு அசைவும் இல்லை. அந்தச் சம்மதத்தை நான் பொய் சொல்லி வாங்கியிருக்கிறேன். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால், வார்டன் சிஸ்டர் பக்கத்தில் நிற்க, நீ "பரவாயில்லம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். உன் பரவாயில்லையை எனக்குத் தெரியும். ஐந்து வயதில் கைவிரல் கதவில் நசுங்கியபோதும் அதைத்தான் சொன்னாய்.

ஏன் ஒளித்தேன் என்று சொல்கிறேன். தபால்காரர் கையில் கொடுத்ததும் பிரித்தேன். முதல் இரண்டு வரியிலேயே உனக்கு இடம் என்று தெரிந்துவிட்டது. அதற்குமேல் வாசிக்காமல் மடித்து, சுவர் அலமாரியில் மாதா சுரூபத்தின் காலடியில், விரித்திருந்த துணிக்கு அடியில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டேன். அன்று சாயங்காலமே நவநாள் செபம் தொடங்கினேன். ஒன்பது நாளைக்குள் ஒரு அடையாளம் காட்டு தாயே, இவள் போகவேண்டுமா வேண்டாமா என்று நீயே சொல், அதுவரைக்கும் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். நம் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் அப்படித்தானே செய்வோம். ஆனால் யாருக்கு வந்த கடிதத்தை யார் மாதாவிடம் ஒப்படைப்பது என்று நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பாதே என்று அகரத்து அத்தை பேசிய பேச்சும் இரண்டு நாள் ரயிலும் எனக்குப் பெரிய பயம் இல்லை. நீ எனக்கு ஒன்றுமே புரியாத ஒரு காரியத்துக்குள் போய்விடுவாய், அங்கே என்னால் பின்னாலேயே வர முடியாது என்பதுதான் பயம். சோறு ஆக்கத் தெரியும், கடைக்கு வருகிற டிவிகளுக்குப் பதிவேடு எழுதத் தெரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் நானே அகராதி வைத்துப் படித்த இங்கிலீஷ் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு உன்னோடு என்ன பேசுவேன்?

அதனால் முதல் நாளே உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மாதாவின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், இவள் எதற்காக அவ்வளவு தூரம் போகத் துடிக்கிறாள் என்று நானும் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றியது. உன் எம்.எஸ்சி. நோட்டுகளைப் பார்த்தால் கண்ணைக் கட்டியது. ஆனால் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது, பச்சை அட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீ பேசுவதற்காகத் தமிழில் எழுதி வைத்தது. அதை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அந்த ஒரு வாரம் வீட்டில் குழம்பும் வெஞ்சனமும் எப்படி இருந்தது என்று உன் அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

முதல் பக்கத்திலேயே நம் கடை இருந்தது. டிவிக் குழாயின் பின்பக்கத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன, மின்புலம் அவற்றை முன்னால் தள்ளுகிறது, கழுத்தில் மாட்டிய கம்பிச் சுருளின் காந்தப்புலம் அவற்றைத் திருப்புகிறது, அப்படித் திருப்பித் திருப்பித்தான் திரையில் படம் வரைகிறது என்று எழுதியிருந்தாய். இருபது வருடமாக அந்தச் சுருளைப் பதிவேட்டில் 'யோக் காயில் பழுது' என்று எழுதி வந்திருக்கிறேன், அது என்ன செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"ஏங்க, காந்தம் எலக்ட்ரானத் திருப்ப மட்டுந்தான் செய்யுமாமே, வேகத்தக் கூட்டவும் செய்யாதாம், கொறைக்கவும் செய்யாதாம். நெசமா?"

"யோக்குல கரண்ட்டு ஏத்துனா வளையும். அம்புட்டுதான் எனக்குத் தெரியும். ரசம் ஊத்து."

"காந்தத்த மட்டும் விட்டா வட்டம் போட்டுச் சுத்துமாம்."

"நீ என்ன, கடைக்கு வேலைக்கு வாரியா? வந்தா அந்த மூணாவது நம்பர் செட்ட நீயே பாரு. நாலு நாளா கோடு விழுது, எனக்குப் பிடிபடல."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீ சின்னதாக எழுதியிருந்த ஒரு வரியைப் படித்திருந்தேன். 'இதை முதலில் பார்த்தது எட்டு வயதில், ஊதாக் கறை' என்று.

அந்தக் கறை எனக்கு மறக்குமா. பங்குத் திருவிழாவுக்கு முதல் நாள். ஒருவர் புதுக் கலர் டிவியைச் சரிபார்க்கக் கொண்டுவந்து வைத்திருந்தார். நீ உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, திரைமேல் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாய். படத்தில் இருந்தவரின் முகம் வெல்லப்பாகு மாதிரி இழுபட்டது. காந்தத்தை எடுத்த பிறகும் அந்த இடத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கறை நின்றுவிட்டது. நான் வந்து பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தேன். செபமாலையைக் கையில் கொடுத்து மாதா முன்னால் முட்டி போட வைத்தேன், ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்கும் வரை. நீ அழவே இல்லை. "அம்மா, அது ஏம்மா வளையுது?" என்று முட்டி போட்டபடியே கேட்டாய். "வாய மூடிட்டு செபத்தச் சொல்லு" என்றேன். பிறகு அப்பா அந்தப் பெரிய செம்புக்கம்பி வளையத்தை எடுத்து, கரண்ட்டில் மாட்டி, சாமியார் தூபம் காட்டுவது போலத் திரைக்கு முன்னால் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பின்னால் வந்தார். கறை போய்விட்டது. டிவியில் போனது உன் மனதில் போகவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நல்லவேளை, போகவில்லை. ஒரு பிள்ளை கேட்ட நல்ல கேள்விக்கு நான் தண்டனையாகச் செபத்தைக் கொடுத்தேன். இரண்டுக்குமே அது மரியாதை இல்லை. மன்னித்துக்கொள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் படித்ததை எழுதினால் நீ சிரிப்பாய், ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். காந்தத்துக்குள் வட்டமடிக்கும் எலக்ட்ரான் தன் இஷ்டத்துக்கு எந்தச் சக்தியோடும் சுற்ற முடியாதாமே. அதற்குப் படிகள் உண்டு, ஒரு படியில் இருக்கலாம் அல்லது அடுத்த படியில் இருக்கலாம், நடுவில் நிற்க இடமே கிடையாது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நிமிர்ந்தேன், சுவரில் ஃபேன் ரெகுலேட்டர். ஒன்று, இரண்டு, மூன்று என்று டக் டக்கென்று விழுமே தவிர, இரண்டரையில் நிற்காது. பக்கத்திலேயே ரேடியோ. அதன் சத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நூல் நூலாகக் கூட்டலாம். உலகம் ரேடியோத் திருகு மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அடியில் போய்ப் பார்த்தால் அது ஃபேன் ரெகுலேட்டர். எழுந்து போய் அதை நாலு தரம் திருகிப் பார்த்தேன். பிறகு ஏன் நம் டிவியில் இந்தப் படிகள் தெரியவில்லை என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் நீ அதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறாய்: அங்கே படிகள் கண்ணுக்கு எட்டாத அளவுக்கு நெருக்கம், காந்தத்தை மிகப் பலமாக்கினால் படிகள் விலகும், மிகக் குளிர வைத்தால் எலக்ட்ரானின் நடுக்கம் அடங்கும், அப்போதுதான் தெரியும். நான் கேட்ட கேள்விக்கு நீ முன்பே பதில் எழுதியிருக்கிறாய், பாப்பா. பின்னாலேயே வர முடியாது என்று பயந்தேனே, ஒரு எட்டு வந்துவிட்டேன்.

அதற்கடுத்தது இன்னும் நன்றாக இருந்தது. மெல்லிய தகடு மாதிரியான இடத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டுக் குளிரவைத்துக் காந்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், குறுக்கே அளக்கிற மின்தடை சீராக ஏறாமல் படி படியாக ஏறுகிறது. தகட்டில் அழுக்கு இருந்தாலும், எந்த ஊரில் செய்தாலும், அந்தப் படிகளின் அளவு மாறுவதில்லை. செபமாலை மரத்தில் செய்தாலும் கண்ணாடியில் செய்தாலும் மணி ஐம்பத்து மூன்றுதான். அந்த அளவைப் படைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அழுக்கு ஏன் அதைக் கெடுக்கவில்லை என்று தெரியவில்லை. நீ அந்தப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு, 'இது எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை' என்று எழுதியிருந்தாய். உனக்கே புரியாதது இருக்கிறது என்று பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் செவ்வாய்க்கிழமை உன்னிடம் பொய் சொன்னேன், புதன்கிழமை உன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு கையால் உன் நோட்டைப் புரட்டுகிறேன், இன்னொரு கையால் உன் கடிதத்தை மூடி வைத்திருக்கிறேன். மாதா அடையாளம் காட்டுவாள் என்று காத்திருந்தேனே தவிர, கையில் இருப்பதே அடையாளம் என்று தோன்றவில்லை.

இன்று ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் உலை வைத்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கங்களை எடுத்தேன். மெலிதான, நீளமான ஒரு கம்பிச் சுருள். அதற்குள் காந்தப்புலம் முழுக்க அடைபட்டிருக்கிறது. வெளியே துளியும் கிடையாது. எலக்ட்ரான் அந்தச் சுருளைத் தொடாமல், அதன் இரண்டு பக்கமும் அலையாகப் பிரிந்து போய்ப் பின்னால் சேர்கிறது. நம் பங்கில் தேர்ப் பவனி இரண்டு தெருவாகப் பிரிந்துபோய் முச்சந்தியில் சேரும் இல்லையா, இரண்டு பக்கத்து பேண்ட் செட்டும் அடி ஒத்து வந்தால் மேளம் இரட்டிப்பாகக் கேட்கும், ஒத்து வராவிட்டால் குழம்பும். அதே மாதிரிதான் இந்த அலைகளும் சேரும்போது. இப்போது சுருளுக்குள் இருக்கிற காந்தத்தை மட்டும் மாற்றினால், வெளியே ஒன்றுமே மாறாத இடத்தில் போன எலக்ட்ரானின் அடி மாறிவிடுகிறது. அது அந்தக் காந்தத்தைப் பார்க்கவில்லை, தொடவில்லை, அது இருந்த வழியாகப் போகக்கூட இல்லை. ஆனாலும் மாறிவிடுகிறது. நீ கீழே எழுதியிருந்தாய்: 'அடைத்து வைத்ததாலேயே ஒன்று இல்லாமல் போய்விடாது.'

உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கூடத்து அலமாரி, கண்ணாடிக் கதவு, மாதா, துணி. நான் அடைத்து வைத்தது அங்கே இருக்கிறது. நீ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அதைப் பார்க்காமல், தொடாமல், "வரச் சொல்லும்மா" என்றாயே, உன் அடி மாறிவிட்டது. நவநாளை நடுவில் விடக்கூடாது என்று என் அம்மா சொல்லிக் கொடுத்தது. இரண்டு நாள் மீதம் இருக்கும்போதே கதவைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். அப்போதுதான் முதல் முறையாகக் கடைசி வரை வாசித்தேன். பதில் தரவேண்டிய கடைசி நாள், நேற்று.

கடைப் பதிவேட்டில் நான் எழுதிய வரிகளில் தேதி இல்லாத வரி ஒன்றுகூடக் கிடையாது, உனக்குத் தெரியும். வந்த நாள், பழுது, எடுத்துப்போன நாள். அப்படிப்பட்டவள், என் மகளுக்கு வந்த கடிதத்தில் தேதியைப் பார்க்கவில்லை.

சேலையைக்கூட மாற்றாமல் பஜாரில் பாயின் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். "என்னம்மா, டிவிக் கடையிலதான் போனு இருக்கே?" என்றார். "அதுல எஸ்.டி.டி. கிடையாது பாய், சீக்கிரம் போட்டுக் குடுங்க" என்றேன். இரண்டு பேர் ஆங்கிலத்தில் எடுத்து எடுத்து மாற்றினார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் பேராசிரியர். என் இங்கிலீஷைச் செத்த நேரம் கேட்டுவிட்டு, "தமிழில் பறையுங்கோ, எனக்கு மனசிலாகும்" என்றார், மலையாளக்காரர். ஏன் தாமதம் என்று கேட்டார். உனக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வாயில் வரவில்லை. "நான் ஒளிச்சு வச்சிட்டேன் சார். அவளுக்கு இன்னும் தெரியாது" என்றேன்.

மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னே இப்போ எதுக்கு கடிதத்தை வெளியே எடுத்தது?" என்றார்.

சொன்னேன். சுருள், உள்ளே அடைபட்ட காந்தம், தொடாமல் போன எலக்ட்ரான், மாறிப்போன அடி, எல்லாம். எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் கத்திச் சொன்னேன். அவர் சிரித்தார், கேலியாக இல்லை. "அம்மே, எங்க பிள்ளைகள் இதைச் சொல்ல ஒரு மணிக்கூர் எடுப்பார்கள்" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "திங்கள் காலை பத்து மணி. அதுக்கு மேலே எனக்கு முடியாது. நீங்க அல்ல, அந்தக் குட்டியே போன் விளிக்கணும்" என்றார்.

வெளியே வந்ததும் பாய், "யாரு வீட்டு செட்டும்மா, இம்புட்டு எலக்ட்ரான் பேசுனீங்க?" என்றார். "எங்க வீட்டுதுதான் பாய். ஏழு நாளா நாந்தான் ரிப்பேராக்கி வச்சிருந்தேன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

கடைக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை அணைத்து ஸ்டாண்டில் வைத்தார்.

"ஏழு நாளா?"

"ஏழு நாளு."

"எங்கிட்டயுமா மறைக்கணும்? நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்?"

"போகட்டும்னு சொல்லியிருப்பீங்க. அதுக்குத்தான் பயந்தேன்."

மூன்றாவது நம்பர் செட்டின் பின்மூடியை எடுத்து மாட்டினார். "அகரத்து அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீ எழுத வேண்டியத எழுது, காலையில நானே கொண்டு போறேன். தபால்ல போட்டா உன் புத்தி திரும்ப மாறிப் போகும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு வேண்டியதுதான்.

பாப்பா, ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். நீ போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இத்தனை நாள் ஒரு பக்கமாகத் தள்ளியவள், இன்று இன்னொரு பக்கமாகத் தள்ளக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் ஒட்டன்சத்திரத்தில் மண்டி வைத்திருக்கிற நல்ல மனிதர்கள்தான். அதுதான் உனக்குப் பிடித்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கேசரி கிண்டுகிறேன். ஆனால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு சொல். கல்யாணத்துக்கோ வேலைக்கோ எதற்கும் இனிமேல் யார் சொன்ன 'ஒன்றும் வரவில்லை' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே, நான் சொன்னாலும். உன் கண்ணால் ஒரு தரம் பார். உனக்கு வருகிற கடிதத்துக்கு இனி உன் முகவரியையே கொடு. என்றைக்காவது உனக்கொரு பிள்ளை பிறந்து, டிவியைக் கெடுத்துவிட்டு ஏன் என்று கேட்டால், கையை ஓங்குவதற்கு முன் அந்தக் கேள்வி என்ன என்று கேட்டுவிடு. போவதாக இருந்தால், பச்சை நோட்டை நான் தரமாட்டேன். அது எனக்கு வேண்டும். அழுக்குத் தகட்டிலும் படி ஏன் கெடுவதில்லை என்று உனக்குப் புரிகிற அன்றைக்கு, எனக்குத் தமிழில் எழுது. பத்துப் பக்கமானாலும் பரவாயில்லை, அகராதி இருக்கிறது.

செபத்தில் இன்னும் இரண்டு நாள் மீதம் இருக்கிறது. இனி கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் விட மாட்டேன், நன்றி சொல்லி முடிக்கப்போகிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார மாட்டேன். நீ என்ன சொல்கிறாய் என்பது அந்தப் பேராசிரியருக்கும் உனக்கும் உள்ளது, பிறகு மெதுவாக எனக்குச் சொன்னால் போதும். அந்த நேரத்துக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது. கடைப் பரணில் பழைய ஸ்பீக்கர் ஒன்று கிடக்கிறது, காந்தத்தைக் கழற்றித் தரச் சொல்லி அப்பாவிடம் இன்றே கேட்டுவிட்டேன். நம் வீட்டுக் கலர் டிவியைப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய், எலக்ட்ரான் எப்படி வளைகிறது என்று என் கண்ணால் பார்க்கப் போகிறேன். கறை படிந்தால் படியட்டும், அப்பாவிடம் அந்த வளையம் இருக்கிறது. அவர் கோபப்பட்டால் மாதா முன்னால் முட்டி போட்டுக்கொள்கிறேன். இந்த முறை நான்.

அம்மா